வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட், பாளையங்கோட்டை: முந்தின நாள் வரும் போனுக்காகவே போகலாம்

என் மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்தோம். குறையையும் சேர்த்து எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாமல் இதை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் இந்த டெஸ்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது, அதற்காகப் படியுங்கள்.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு பிள்ளைக்கு எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அங்கேதான் போகச் சொல்வேன். டாக்டர் நல்லவர், கட்டிடம் சுத்தம், எல்லாம் சரி. ஆனால் நான் அனுப்புவது, டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசுகிற ஒரு சிஸ்டருக்காக. அதே மருத்துவமனை கையில் கொடுத்து அனுப்புகிற தாள் இருக்கிறதே, அதை வைத்து மட்டும் யாரும் பிள்ளையைத் தயார் பண்ணிவிட முடியாது.

இந்த டெஸ்ட் எதற்கு என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டுத்தான் சுரக்கும், அதுவும் பெரும்பாலும் ராத்திரி ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் சும்மா ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால், நல்லா வளர்கிற பிள்ளைக்குக்கூட கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத மாதிரிதான் காட்டும். அதனால் ஒரு மருந்தைக் கொடுத்து அந்தச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, எவ்வளவு உச்சத்துக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள். அந்த உச்சம் பொதுவாக ஒரு மில்லி ரத்தத்துக்கு 10 நானோகிராமைத் தாண்ட வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போதைய லேப் முறைகளுக்கு 7 போதும் என்று வைக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். ஒரு டெஸ்டில் தாண்டாவிட்டால் வேறு மருந்து வைத்து இன்னொரு டெஸ்ட். இரண்டிலும் தாண்டவில்லை என்றால்தான் குறைபாடு என்று முடிவு பண்ணி, வருஷக்கணக்கில், பெரும்பாலும் தினமும் ராத்திரி, தோலுக்கடியில் ஊசி. ஆகிற செலவும் சாதாரணச் செலவு இல்லை. அப்படிப்பட்ட முடிவு நாலைந்து சின்ன ட்யூப் ரத்தத்தில் இருக்கிறது. அந்த ரத்தம் சரியான நிலைமையில் இருந்த பிள்ளையிடமிருந்து எடுத்ததா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பையனுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் அசெம்பிளி வரிசையில் எப்போதும் முதல் ஆள். குள்ளமாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் டாக்டர் இவ்வளவு தூரம் போகவில்லை. நாலு வயசுக்கு மேல் பருவம் வருகிற வரைக்கும் பிள்ளைகள் வருஷத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர வேண்டும், இவன் 4 செ.மீ.கூட எட்டவில்லை. தைராய்டு பார்த்தார்கள், இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்த்தார்கள், வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடம்பில் உண்டாகிற ஐஜிஎஃப் 1 என்ற பொருளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும். தைராய்டு குறைவாக இருந்தால் இந்த டெஸ்டும் குறைவாகவே காட்டிவிடும் என்பதால் அதை முதலில் சரி பார்க்காமல் யாராவது நேரே இதற்குத் தேதி கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது கல்லிடைக்குறிச்சி. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற போன் என்றால் 'நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க, பணம் இவ்வளவு கொண்டு வாங்க' என்று சொல்லி வைத்துவிடுவார்கள் என்றுதான் எடுத்தேன். அந்த சிஸ்டர் முதலில் கேட்டது, "பிள்ளைக்குக் காய்ச்சல், சளி ஏதும் இருக்கா அக்கா?" இருந்தால் தேதியைத் தள்ளிப் போட்டுவிடலாம், உடம்பு சரியில்லாத நேரத்தில் எடுத்தால் ரிசல்ட்டை நம்ப முடியாது என்றார். அப்புறம், என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அதோடு விடவில்லை. வீசிங்குக்கு இழுக்கிற மருந்து உண்டா, தோலுக்குப் போடுகிற களிம்பு உண்டா, இருமல் டானிக், நாட்டு மருந்து, சத்து மாவு, ஹைட்டு வளரணும்னு யாராவது சொல்லி எதுவும் வாங்கிக் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து என்று கேட்டால் நாம் மாத்திரையை மட்டும்தான் நினைப்போம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டினி விஷயத்தை அவர் சொன்ன விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க. பச்சத்தண்ணி மட்டும் எவ்வளவு வேணும்னாலும் குடிக்கட்டும், காலையிலயும் குடிக்கட்டும், குடிச்சாத்தான் நரம்பு நல்லாத் தெரியும்." அதுக்கு அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "வீட்ல காலையில முதல்ல எந்திரிக்கிறது யாரு?" என் அத்தை என்றேன், அதாவது மாமியார். "அவங்ககிட்ட போனைக் குடுங்க." அத்தையிடம் பேசினார். "ஆச்சி, நாளைக்கு ஒரு நாள் பேரனுக்குக் காப்பி கிடையாது, பால் கிடையாது, பிஸ்கட் கிடையாது. அழுதாலும் குடுக்கப்பிடாது. சரியா? பன்னெண்டு மணிக்குள்ள நானே அவனுக்குச் சாப்பாடு குடுத்துருவேன்." அத்தைக்கு அதுவரைக்கும் மனசே இல்லை, பச்சப்பிள்ளையைப் பட்டினி போட்டு என்னத்த ரத்தம் எடுக்கப் போறாவ என்று காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டு இருந்தார். போனை வைத்தவுடன் அவரே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஒரு வாய் காப்பியில் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் அடங்கும். இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிற பெரியவர்களுக்கு, அது அடங்குகிறதா இல்லையா என்று பார்க்க குளுக்கோஸ் தண்ணியைத்தான் குடிக்கக் கொடுத்து டெஸ்ட் பண்ணுகிறார்கள். அப்படி இருக்கும்போது, ஹார்மோன் ஏறுகிறதா என்று பார்க்கப் போகிற பிள்ளைக்கு சீனி போட்ட காப்பியோ பூஸ்டோ கொடுத்தால், ஏற வேண்டியதை நாமே பிடித்து அமுக்குகிற மாதிரி ஆகிவிடும். ரிசல்ட் குறைவாக வரும். குறைபாடு இல்லாத பிள்ளைக்குக் குறைபாடு என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. ஓடி விளையாடுவதும் இதே மாதிரி இன்னொரு பக்கம் கெடுக்கும், ஓடினால் ஹார்மோன் தானாகவே ஏறும். அதனால் காலையில் ஆஸ்பத்திரி படிக்கட்டில் ஏறி இறங்கி விளையாட விடாதீர்கள், வந்தவுடன் உட்கார வையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

இன்னும் சில சொன்னார். கை மடக்கி ஏற்றுகிற மாதிரி லூசான சட்டை போட்டு வாருங்கள். ஒரு போர்வை, மாற்றுத்துணி, அவனுக்குப் பிடித்த புத்தகமோ பொம்மையோ. ரொம்ப முக்கியமாக, திரும்பிப் போகும்போது பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போகக் கூடாது. கொடுக்கப் போகிற மாத்திரை தூக்கம் வர வைக்கும், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கண் அசந்தால் என்ன ஆகும். ஆட்டோ, கார், இல்லையென்றால் மடியில் படுக்க வைக்க இடம் இருக்கிற பஸ்ஸோ ரயிலோ. காலையில் அங்கேயிருந்து கிளம்பி வந்தால் பிள்ளை அலுத்துப் போவான், திருநெல்வேலி டவுனிலோ பாளையிலோ சொந்தக்காரர் யாரும் இருந்தால் முந்தின ராத்திரியே வந்து தங்குங்கள் என்றார். பெருமாள்புரத்தில் சித்தப்பா வீடு இருந்ததால் எங்களுக்கு அது சுலபமாகிவிட்டது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை என்று நின்று நின்று வருகிற பஸ்ஸில் வெறும் வயிற்றுப் பிள்ளையை விடியற்காலையில் கூட்டி வருவதை நினைத்துப் பாருங்கள், வழியெல்லாம் வடையும் டீயும்.

டெஸ்ட் அன்றைக்கு எட்டு மணிக்கு முன்னாலேயே போய்விட்டோம். செருப்பைக் கழற்றி உயரம், எடை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான், பழைய சீட்டில் இருந்த எடையை எடுத்துக்கொள்ளவில்லை. கை முட்டி மடக்கிலும் புறங்கையிலும் மரத்துப் போகிற க்ரீம் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்றை ஒட்டி, ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று விட்டுவிட்டார் அந்த சிஸ்டர். அந்த க்ரீமை எல்லா இடத்திலும் போடுவதில்லை, கேட்டால்தான் போடுவார்கள், போட்டு உடனே குத்தினால் பிரயோஜனமும் இல்லை. அப்புறம் வென்ஃப்ளான் போட்டார், அதாவது திரும்பத் திரும்பக் குத்தாமல் ரத்தம் எடுக்க நரம்பில் விட்டு வைக்கிற சின்னக் குழாய். ஒரே குத்து. மகன் முகத்தைச் சுளித்தான், அழவில்லை. குத்தின பயத்தில் ஹார்மோன் ஏறியிருக்கும், கொஞ்ச நேரம் அமைதியாகப் படுக்கட்டும் என்று அரை மணி நேரம் விட்டுத்தான் முதல் ரத்தம்.

அந்த மேஜையில் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுப்பதற்கு முன்னாலேயே ட்யூப் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேரும் 0, 30, 60, 90, 120 என்று நிமிஷமும் எழுதி ஒட்டி வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு ரத்தமும் எடுக்க வேண்டிய மணியை அவனுடைய சார்ட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டார். ஒவ்வொரு தடவையும் வென்ஃப்ளானிலிருந்து முதலில் கொஞ்சம் ரத்தத்தை இழுத்துத் தனியாக ஊற்றிவிட்டு, அடுத்து வருகிறதைத்தான் ட்யூபில் பிடித்தார். முதலில் வருவதில் அடைக்காமல் இருக்க ஏற்றின சலைன் கலந்திருக்கும், அதை அனுப்பினால் அளவு குறைவாகக் காட்டும் என்று நான் கேட்டபோது சொன்னார். பிடித்து முடித்தவுடன் திரும்பவும் சலைன் ஏற்றி மூடி. ஐந்து தடவையும் இதே மாதிரி, ஒரு தடவைகூட அவசரப்பட்டு விட்டுவிடாமல். பக்கத்துக் கட்டிலில் வேறு ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தபோதும் மணி தவறவில்லை.

கொடுத்த மாத்திரை க்ளோனிடின். பிரஷருக்குக் கொடுக்கிற மாத்திரைதான். மூளையில் அது வேலை செய்கிற விதத்தில் வளர்ச்சி ஹார்மோனையும் தூண்டிவிடும். பிரஷரை இறக்குகிற மாத்திரை என்பதால் பிள்ளை வெளிறிப் போவான், தூங்கிவிடுவான், எழுந்து நின்றால் தலை சுற்றும். மாத்திரைக்கு முன்னாலேயே பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார்கள், அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. முக்கால் மணி நேரத்தில் மகன் ஆழ்ந்து தூங்கிவிட்டான், உதடெல்லாம் வெளுத்து. மேல் பிரஷர் 84க்கு வந்தது. இதையெல்லாம் முந்தின நாளே சொல்லியிருக்காவிட்டால் நான் அங்கே அலறியிருப்பேன். 'இப்படித்தான் இருக்கும், இதுக்குக் கீழ போனாத்தான் நாங்க பார்க்கணும்' என்று அவர் சொல்லி வைத்திருந்ததால் அவன் காலுக்கடியில் தலையணையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் உப்புப் போட்ட எதையாவது கொடுக்கச் சொன்னார்கள், நிறையத் தண்ணி, இறங்கின பிரஷர் ஏற. எங்கள் ஊர் அப்பளத்தைச் சுட்டு டப்பாவில் போட்டு, உப்புக் கஞ்சியும் கொண்டு போயிருந்தேன். அரைத் தூக்கத்திலேயே அதை நொறுக்கித் தின்றான். பிரஷர் பழையபடி வந்து, எழுந்து உட்கார்ந்து, நடக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். சாயங்காலம் வரைக்கும் தூங்கி வழிந்தான், அதையும் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

முதல் டெஸ்டில் உச்சம் 6.8. அதனால் இன்னொரு நாள் க்ளூக்ககான் வைத்து இரண்டாவது டெஸ்ட். இது தொடையில் போடுகிற ஊசி. இதற்குத் தூக்கம் வராது, வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரலாம். ரத்தம் எடுப்பது மூன்று மணி நேரம் வரைக்கும் போகும். முதலில் சர்க்கரையை ஏற்றிவிட்டு அப்புறம் இறக்கும் என்பதால் விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகுகூட சர்க்கரை இறங்கலாம், அதனால் நல்லா சாப்பிட்டு, சாப்பிட்டது வயிற்றில் தங்கின பிறகுதான் கிளம்ப வேண்டும், அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. இன்சுலின் வைத்துச் செய்கிற டெஸ்டும் ஒன்று உண்டு, சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்ப்பது. வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது, எடுத்தால் டாக்டர் கட்டிலை விட்டு நகரக் கூடாது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது அந்தத் தாள்.

இரண்டாவது டெஸ்ட் நாளில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா தறி ஓட்டுகிறவர், அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பெண்பிள்ளைக்கு டெஸ்ட். பிள்ளை பசியில் சுருண்டு போகிறாளே என்று பஸ்ஸில் வரும்போது அவளுடைய ஆச்சி பிளாஸ்கிலிருந்து பூஸ்ட் ஊற்றிக் கொடுத்துவிட்டார். சோறு சாப்பிடக் கூடாது என்பதுதானே பட்டினி, குடிக்கிறது கணக்கா என்பது அவர் நினைப்பு. இன்றைக்கு எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பியது சரி, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆச்சி கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன், எங்களுக்குக் கொடுத்த அதே தாள். முழுக்க ஆங்கிலம். பட்டினி என்பதற்கு டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிற மூன்றெழுத்துச் சுருக்கம், பக்கத்தில் ராத்திரி பத்து மணி. தண்ணி குடிக்கலாமா என்று இல்லை, பால் காப்பி கூடாது என்று இல்லை. அந்த ஆச்சி தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னார். அவர்களுக்குப் போன் போகவில்லை. முந்தின நாள் அந்த சிஸ்டர் லீவு. அவர் லீவென்றால் வேறு யாரும் கூப்பிடுவது கிடையாது.

அதே தாளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பையனுக்கு ராத்திரியிலிருந்து தண்ணிகூடக் கொடுக்கவில்லை. சித்திரை வெயில் வேறு. நாக்கு காய்ந்து, நரம்பு அகப்படாமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அவன் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலாம் என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அத்தனை குத்து விழுந்திருக்காது.

இன்னொன்றும் எனக்குத் தெரிய வந்தது. இப்படிச் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கிற எல்லா ஸ்டிமுலேஷன் டெஸ்டுக்கும் இந்த ஒரே தாள்தான். என் மைனிக்கு மூட்டுவலிக்காக ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு, சிறுநீரகத்துக்கு மேல் இருக்கிற அட்ரினல் சுரப்பி தானாக வேலை செய்கிறதா என்று, அது சுரக்கிற கார்ட்டிசால் ஹார்மோனை அளந்து பார்க்கிற டெஸ்ட் அங்கேயே எடுத்தார்கள். ஒரு ஊசி போட்டு, போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, 30, 60 நிமிஷத்தில் ஒவ்வொரு தடவை ரத்தம். அதற்குப் பொதுவாகப் பட்டினியே தேவையில்லை. தாளைப் பார்த்துவிட்டு மைனி ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கத் தயாராகிவிட்டார். அதற்கு உண்மையிலேயே கேட்க வேண்டியது வேறு: ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முழங்காலில் ஊசி போட்டீர்களா, இழுக்கிற மருந்து, தோல் களிம்பு உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா. அந்த ஸ்டீராய்டு மாத்திரைகளில் சிலவற்றை லேப் மெஷின் கார்ட்டிசால் என்றே எண்ணிவிடும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை மொத்தக் கார்ட்டிசாலைக் கூட்டிக் காட்டும். ஆனால் ஸ்டீராய்டை நாமாக நிறுத்திவிடவும் கூடாது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த வேளையை விட வேண்டும், எதற்கு மாற்ற வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதில் ஒன்றுகூடத் தாளில் கிடையாது. மைனியிடமும் கேட்டது அதே சிஸ்டர்தான், போனில். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி ஒன்றையும் மைனி சாப்பிட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த மாதிரிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, அதனால் டாக்டர் தேதியைத் தள்ளி வைத்தார்.

ஆக, தாளில் இருக்க வேண்டியதெல்லாம் ஒரு ஆளின் வாயில் இருக்கிறது. இவ்வளவு நல்லாச் செய்கிற ஒரு இடத்தில் இதை ஏன் இப்படி விட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த சிஸ்டர் போனில் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுதி, டெஸ்டுக்கு ஒரு தாளாகத் தமிழில் அச்சடித்தால் போதும். மேலாளர் அறைக்குப் போய் இதைச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். வேறு ஊர் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஜனங்களை நம்பித்தானே இந்த ஆஸ்பத்திரிகள் பாளையில் இத்தனை இருக்கின்றன, அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாள் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் போனில் சொன்னதைவிடக் கூடுதலாக வந்தது. சொன்னது லேப் கட்டணம் மட்டும், கட்டில், வென்ஃப்ளான், மருந்து எல்லாம் தனி. ஒவ்வொரு ட்யூபுக்கும் தனித்தனியாகப் பணம் என்பதையும் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் வெளியூர் லேபுக்குப் போகிறது, ரிசல்ட் அன்றைக்கே கிடைக்காது. பிள்ளையோடு ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம், அது நல்லதுதான். ஆனால் டெஸ்ட் எடுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே கேன்டீன், வடை போடுகிற வாசனை நேரே பட்டினிப் பிள்ளைகள் மூக்குக்கு வருகிறது. மகன் அப்போது தூங்கிவிட்டான், தூங்காத பிள்ளைகள் பாடு பாவம். அறையை மாற்ற முடியாவிட்டாலும் ஜன்னலையாவது அடைக்கலாம்.

இரண்டாவது டெஸ்டில் உச்சம் 11.4 வந்தது. குறைபாடு இல்லை, ஊசி வேண்டாம், ஆறு மாசம் கழித்து உயரத்தை அளந்து பார்ப்போம் என்றார் டாக்டர். நல்லா இருக்கிற பிள்ளைகளே ஒரு டெஸ்டில் தாண்டாமல் போவது உண்டு, அதனால்தான் இரண்டு என்று விளக்கினார். கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்து இன்னும் பருவ மாற்றம் தொடங்காவிட்டால், பையன்களில் பதினொன்று, பெண்பிள்ளைகளில் பத்து வயசுக்கு மேல், டெஸ்டுக்குச் சில நாள் முன்னால் செக்ஸ் ஹார்மோன் கொடுத்துத் தயார் பண்ணுகிற வழக்கம் சில டாக்டர்களிடம் உண்டு, அது இல்லாவிட்டால் சுரக்கிறதும் சுரக்காத மாதிரி காட்டலாம் என்பதற்காக. அந்த வயசுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் தேதி வாங்கும்போதே டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள், டெஸ்ட் அன்றைக்குக் காலையில் பேசி ஒன்றும் ஆகாது.

தேதி வாங்கப் போகிறவர்கள், எந்த மருந்து வைத்து டெஸ்ட், எத்தனை தடவை ரத்தம், தண்ணி குடிக்கலாமா, டெஸ்ட் எடுக்கிறவருக்கு என்னென்ன மருந்து ஓடுகிறது என்பதையெல்லாம் கவுண்டரிலேயே நின்று பேசிவிட்டு வாருங்கள், தாளைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி அவர்கள் முன்னாலேயே பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குள் போன் வரவில்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள். ஹார்மோன் டெஸ்ட் பார்க்கிற சிஸ்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் லீவென்றால் வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.